வசனத்துக்குக் கீழே இரண்டு கால்கள்

காலை ஐந்தரைக்கு என் பைபிள் வசன அட்டை போய்ச் சேராவிட்டால் முடிச்சூரில் சிலருக்குக் காப்பி இறங்காது. இது நான் சொல்வதில்லை, எட்மண்ட் சொல்வது. எங்கள் சபையில் காணிக்கைப் பை எடுப்பவர் அவர். தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருஷம் ஊரார் லைனைச் சரிசெய்து ஓய்வு பெற்ற ஜீவரத்தினமாகிய நான், மூன்று வாட்ஸப் குழுக்களுக்கு, ஏழு வருஷமாக, தினம் ஒரு அட்டை அனுப்பினேன். காய்ச்சலில் படுத்தபோதும் அனுப்பினேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

அந்த அட்டைகளில் வசனத்துக்குப் பின்னால் இருந்த படங்கள் எல்லாம் என் மனைவி ஜோசலின் எடுத்தவை.

அவள் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற வருஷம் தனக்கென்று ஒரே ஒரு பொருள் வாங்கிக்கொண்டாள், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் ஒரு சின்னக் கேமரா. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் எங்கள் கல்யாண ஆல்பம் கூழாகிப் போனது. பிள்ளையின் ஞானஸ்நானப் படம், அவள் அப்பாவின் படம், எல்லாமே சேற்றோடு வாரி வெளியே கொட்டப்பட்டன. அதிலிருந்து படம் என்றால் அவளுக்கு ஒரு பசி. ஆனால் மனுஷரை அவள் எடுக்கவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் அப்போது பூவரசந்தாங்கல் இருந்தது. பெரிய ஏரி இல்லை. நாலு மாசம் தண்ணீர் நிற்கும், மீதி மாசம் சம்புப் புல்லும் கோரையுமாகக் கிடக்கும். விடிந்ததும் தொப்பி மாட்டிக்கொண்டு அங்கே போய்விடுவாள்.

எடுத்த படங்களைப் பற்றி உள்ளதைச் சொன்னால், ஒன்றும் உருப்படி இல்லை. மீன்கொத்தி என்று காட்டுவாள். மீன்கொத்தி பறந்துபோன கிளை ஆடிக்கொண்டிருக்கும். முக்குளிப்பான் என்பாள், அது மூழ்கிய இடத்தில் ஒரு வளையம் இருக்கும். கொக்கு என்றால் வெயிலில் வெளுத்து, காயப்போட்ட வேட்டி மாதிரி தெரியும். பறவைக்குப் பின்னால் இருக்கிற இலை மட்டும் நரம்பு நரம்பாகத் துல்லியமாக விழுந்திருக்கும். அவளுக்கு அதெல்லாம் ஒரு குறையே இல்லை. “இது கழுத்தைத் திருப்பறதுக்கு முன்னாடி எடுத்தது, பாருங்க, சரியா அந்த நேரம்!” என்பாள். எந்தக் கலங்கலுக்குள் எந்தப் பறவை இருக்கிறது, அன்றைக்குக் காற்று எப்படி அடித்தது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைப்பாள்.

நான் விடுவேனா? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கேமராவை வாங்கிக் காட்டுவேன். “சொல்லுங்க, இது பறவையா, பப்பாளியா?” எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவள் சிரித்ததால் அவளுக்கு வலிக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அறுபது வயதைத் தாண்டியும் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

நாவலூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் ஜெரூஷாதான் எனக்குக் கம்ப்யூட்டரில் படத்தின் மேல் எழுதக் கற்றுக் கொடுத்தாள். படத்தைத் திற, எழுத்தை அடி, சேவ் கொடு, அனுப்பு. நாலே படி. படத்துக்கு எங்கே போவது? ஜோசலின் தன் கேமராவிலிருந்து மாசம் ஒருமுறை கம்ப்யூட்டரில் இறக்கி வைப்பாள். சின்ன மெமரி கார்டு, அதனால் இறக்கிய கையோடு கார்டைக் காலி செய்துவிடுவாள். அந்தப் பெட்டகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கேட்கக்கூட இல்லை, எடுத்துக்கொண்டேன்.

முதல் சில வாரம் வசனத்தைப் படத்தின் ஓரத்தில் போட்டேன். எட்மண்ட் போன் செய்தார். “பிரதர், வசனம் அருமை. ஆனா நடுவுல ஏதோ கறை மாதிரி இருக்கே, உங்க கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல அழுக்கா?” அந்தக் கறை வக்கா என்கிற கொக்கு. ஜோசலின் அதற்காக முக்கால் மணி நேரம் சேற்றில் நின்றிருக்கிறாள். எனக்கு மானம் போயிற்று. மறுநாளிலிருந்து வசனத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பட்டை கொடுத்து, அதைப் பறவையின் மேலேயே கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தேன். கறையும் மறைந்தது, எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஜோசலினும் பெண்கள் ஐக்கியக் குழுவில் இருந்தாள். அட்டை அவளுக்கும் போகும். ஒரு தடவை, ஒரே தடவை, தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, எழுத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடக்கூடாதா? பறவை மறைஞ்சு போகுது.”

“பறவை தெரிஞ்சா வசனத்தை எவன் படிப்பான்?” என்றேன்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. தாங்கலும் போயிற்று. கரையை ஒட்டி நிலம் வைத்திருந்த குப்புராஜ் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கினார். ஜோசலின் போய் ஞாயம் கேட்டாள். “இன்னாம்மா நீ, கொக்கு குந்துறதுக்கா எங்கப்பன் நெலம் வச்சிட்டுப் போனான்?” என்று கேட்டு அனுப்பிவிட்டார். இப்போது அங்கே மனைப்பிரிவு, கல் நட்டுக் கொடி கட்டியிருக்கிறது. அவள் பஸ் பிடித்துப் பெரும்பாக்கம் போய்ச் சதுப்பு நிலத்து ஓரத்தில் நிற்க ஆரம்பித்தாள். அங்கே பழக்கமானவன்தான் ஹரிபிரசாத். ஐ.டி. கம்பெனியில் வேலை, சனி ஞாயிறு பறவை எண்ணுவான். அவனும் அவன் நண்பர்களும் தாம்பரம் சுற்றுவட்டார நீர்நிலைகளின் பறவைப் பட்டியலை ஒரு புத்தகமாகப் போட வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஜோசலினின் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஆன்ட்டி, இது நிஜமா? ‘பதினாலு டிசம்பர் ரெண்டாயிரத்துப் பத்தொம்போது. காலை ஆறு அம்பது. பூவரசந்தாங்கல். செங்குருகு, ஒண்ணு.’”

“நிஜம்தான்ப்பா. சம்புக்கு நடுவுல கழுத்தை நீட்டிக்கிட்டு அசையாம நின்னுச்சு. செங்கல் கலர்.”

“அந்தத் தாங்கல்ல அதை வேற யாருமே பார்த்ததில்ல ஆன்ட்டி. இனிமே பார்க்கவும் முடியாது. உங்க பேரோட போட்டுடலாம். ஒரே ஒரு ஆள் பார்த்ததுன்னா படம் இருக்கணும், அது எங்க ரூல். படம் இருக்கா?”

“இருக்கு. ஆனா மோசமா இருக்கும்.”

“எவ்வளவு மோசமா இருந்தாலும் பரவால்ல. கலரும் கழுத்தும் தெரிஞ்சா போதும்.”

“மோசமான படத்துக்கு நம்ம வீட்டுல பஞ்சமே இல்ல” என்று சொல்லிவிட்டு ஜோசலின் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பில் ஒரு மிடுக்கு இருந்தது. பார்த்தீர்களா, என் பப்பாளிக்கு வந்த மவுசை, என்கிற மாதிரி. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கப்புறம் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

நான்தான் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அது என் ராஜ்ஜியம். அவள் அதன் முன்னால் உட்கார்ந்தாலே, “எதையாவது டெலீட் பண்ணித் தொலைச்சிடாதே” என்று பின்னால் வந்து நிற்பவன் நான். பத்தொன்பதாம் வருஷம், டிசம்பர் மாசம். சின்னச் சின்னதாகப் படங்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றின் நடுவிலும் மஞ்சள் பட்டை.

“இது என்னங்க?”

“நம்ம அட்டைங்கதான்.”

“என் படமெல்லாம் எங்கே?”

“அதுவும் இங்கேதான் இருக்கும், இரு” என்று சொல்லிக்கொண்டே தேடினேன். மேலே போனேன், கீழே போனேன். நவம்பரைத் திறந்தேன், மஞ்சள். அக்டோபர், மஞ்சள். ஹரி என் தோளுக்குப் பின்னால் குனிந்தான். அவன் குரல் இறங்கியிருந்தது.

“அங்கிள், எழுதினதுக்கு அப்புறம் சேவ் குடுத்தீங்களா, சேவ் ஆஸ் குடுத்தீங்களா?”

“சேவ்தான். அது என்ன ஆஸ்?”

அவன் பொறுமையாகச் சொன்னான். வேறு பெயர் கொடுத்துச் சேமித்தால் பழைய படம் பழையபடி இருக்கும். வெறும் சேவ் கொடுத்தால் பழையதன் மேலேயே புதியது உட்கார்ந்துவிடும். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஏழு வருஷம் யாரும் இல்லாமல் போனார்கள். யாரும் இல்லை என்பது பொய். நான் யாரையும் கேட்கவில்லை.

“எழுத்தை மட்டும் அழிக்க முடியாதாப்பா?” என்று ஜோசலின் கேட்டாள்.

“முடியாது ஆன்ட்டி. எழுத்துக்கு அடியில இப்ப ஒண்ணும் இல்ல.”

அவள் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுந்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். “இது அந்த மீன்கொத்தி” என்றாள். பட்டையைத்தான் பார்த்தேன் நான். “இது குஞ்சோட வந்த நீலத் தாழைக்கோழி.” மறுபடியும் பட்டை. கடைசியில் டிசம்பர் பதினாலு. அந்தப் படத்துக்கு நான் போட்டது நீளமான வசனம், நாலு வரி. பட்டையும் அதற்கேற்ற அகலம். அதற்குக் கீழே, சம்புத் தாள்களுக்கு நடுவே, மஞ்சளும் பச்சையுமாக இரண்டு கால்கள் நின்றன. அவ்வளவுதான் மிச்சம்.

“கால் மட்டும் வெச்சு சொல்ல முடியாது ஆன்ட்டி” என்றான் ஹரி. அவனுக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது. “புதன்கிழமை அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள வேற எங்கயாவது கிடைச்சா எனக்கு ஒரு போன் பண்ணுங்க.”

அவன் போன பிறகு நான் வாய் ஓயாமல் பேசினேன். தெரியாமல் நடந்தது என்றேன். ஜெரூஷா சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றேன். நீயாவது ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாமே என்றுகூடக் கேட்டேன். அந்தக் கேள்விக்காக என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும். அவள் சொன்னது ஒன்றுதான். “கம்ப்யூட்டர்ல இருக்கு, பத்திரமா இருக்குன்னு நினைச்சேன்.”

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் சபையில் சூரிய நமஸ்காரம் வழக்கமில்லை, ஆனாலும் நான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூன்று குழுக்களிலும் அந்த அட்டையைப் போட்டு, கீழே எழுதினேன்: ‘இந்தப் படம் வசனம் இல்லாமல் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்பவும். மிக அவசரம்.’ யாரிடம் இருக்கும்? வசனம் இல்லாமல் நான் எதையும் அனுப்பியதே இல்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் பதில் வர ஆரம்பித்தது. ஆமென். ஆமென். கூப்பிய கை. ஆமென், பிரதர், காலத்துக்கேற்ற வார்த்தை. ஒருத்தரும் கீழே எழுதியதைப் படிக்கவில்லை. எட்மண்ட் மட்டும் படித்துவிட்டுப் போன் செய்தார்.

“வசனம் இல்லாத படத்தை வெச்சுக்கிட்டு என்ன பிரதர் செய்யப் போறீங்க?”

போனை வைத்துவிட்டேன். அவர்மேல் வந்த கோபம் எனக்குச் சேர வேண்டியது. பட்டையைப் பறவையின் மேல் வைத்தது அவரில்லையே.

திங்கட்கிழமை சாயங்காலம் ஜோசலின் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகத் தேவைக்கு மேல் பேசாதவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகம் மலர நிமிர்ந்தாள்.

“என்னங்க! உங்க போன்ல இருக்கும்.”

“என் போன்லயா?”

“அன்னிக்குத் தாங்கல்லயே நின்னு, கேமராவோட பின்பக்க ஸ்கிரீனை என் போன்ல படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேனே! எது கிடைச்சாலும் முதல்ல உங்களுக்குத்தானே அனுப்புவேன். என் பழைய போனை எக்ஸ்சேஞ்சுல குடுத்ததுல என்கிட்ட இருந்தது எல்லாம் போச்சு. உங்ககிட்ட இருக்கும். நீங்ககூடப் பார்த்துட்டு ‘சூப்பர்’னு போட்டீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஹரிக்குப் போன் போட்டே விட்டாள். “கிடைச்சிடுச்சுப்பா. அங்கிள் போன்ல இருக்கு. பத்து நிமிஷத்துல அனுப்பறேன்.” ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

எனக்கு அப்போதே தெரியும். என் போனில் படங்கள் தானாக இறங்காதபடி நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். இடம் பற்றாது என்று ஜெரூஷாவிடம் சொல்லிச் செய்த ஏற்பாடு. வேண்டும் என்றால் நாமாகத் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். சபையார் அனுப்பும் அட்டைகளைத் தொட்டு இறக்குவேன், பதில் போட வேண்டுமே. ஜோசலின் அனுப்புவதை எதற்குத் தொடுவது? வீட்டுக்கு வந்தால் எப்படியும் காட்டப் போகிறாள். அது கலங்கலாக இருக்கப் போகிறது. நான் சூப்பர் என்று போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

போனை அவள் கையில் கொடுக்காமல் இருக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். சார்ஜ் இல்லை என்றேன். அப்புறம் தேடித் தருகிறேன் என்றேன். “குடுங்க இப்படி” என்று வாங்கிக்கொண்டாள். எங்கள் இருவருக்குமான பேச்சைத் திறந்து மேலே தள்ளித் தள்ளிப் போனாள். மருந்துச் சீட்டு, கேஸ் புக்கிங், கரண்ட் பில். இடையிடையே சாம்பல் நிறத்தில் சதுரம் சதுரமாக, நடுவில் ஒரு அம்புக்குறியோடு. ஒவ்வொன்றின் கீழும் என் பதில்.

பத்தொன்பது டிசம்பர் பதினாலு வந்தது. புகை படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல ஒரு சதுரம். அதற்குள் செங்கல் நிறத்தில் ஒரு தீற்றல். அதற்கு மேலே அவள் எழுதியிருந்தாள்: ‘இது என்னன்னு பாருங்க!! இன்னும் நிக்குது.’ கீழே நான்: ‘சூப்பர். வரும்போது கொத்தமல்லி வாங்கி வா.’

அவள் அம்புக்குறியைத் தொட்டாள். சுற்றியது. நின்றது. திரையில் வந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

“இந்தப் படம் இப்ப கிடைக்காதாம். அனுப்பினவங்களைத் திரும்ப அனுப்பச் சொல்லணுமாம்.”

பிறகு மேலே போய் இன்னொன்றைத் தொட்டாள். அதுவும் வரவில்லை. இன்னும் மேலே, பதினெட்டாம் வருஷம், முதன்முதலாகக் கேமரா வாங்கிய மாசம். அதுவும் சாம்பல். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஒண்ணுகூடவா திறந்து பார்க்கல?” என்று கேட்டாள்.

அதட்டிக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல. நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் எழுந்து போய்க் கொத்தவரங்காயை நறுக்கி முடித்தாள். பொரியல் வைத்தாள். எனக்குப் பரிமாறினாள். ஹரிக்கு அவளே போன் செய்து, “இல்லப்பா, நான் தப்பா நினைச்சிட்டேன்” என்று சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் தேவலை.

புத்தகம் வந்துவிட்டது. ஹரி ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தான். பூவரசந்தாங்கலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள், நாற்பத்தொரு பறவை. செங்குருகு அதில் இல்லை. நன்றிப் பட்டியலில் அவள் பெயர் மற்ற பெயர்களுக்கு நடுவே இருந்தது. அவள் ஒரு தடவை படித்துவிட்டு அலமாரியில் வைத்தாள்.

கம்ப்யூட்டரில் அவள் படங்களில் முப்பத்துச் சொச்சம் தப்பித்திருந்தது. வசனம் போடக்கூட லாயக்கில்லை என்று நான் ஒதுக்கியவை. வெறும் ஆகாயம், பாதி வால், தண்ணீரில் ஒரு வளையம். அவற்றை ஒரு பென்டிரைவில் ஏற்றி, தன் நகைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். சாவியை என்னிடமிருந்து ஒளித்து வைக்க ஆரம்பித்திருக்கிறாள் என்பதை நேற்றுத்தான் கவனித்தேன்.

நான் அட்டை அனுப்புவதை நிறுத்திவிட்டேன். எட்மண்ட் இரண்டு நாள் விசாரித்தார். மூன்றாம் நாளிலிருந்து அவரே அனுப்புகிறார், ரோஜாப்பூ படம் போட்டு. யாருக்கும் காப்பி இறங்காமல் போகவில்லை.

ஜோசலின் இப்போதும் சனிக்கிழமை விடிந்ததும் தொப்பி மாட்டிக்கொண்டு பெரும்பாக்கம் போகிறாள். நான் ஜெரூஷாவைக் கேட்டு, வருகிற படமெல்லாம் தானாக இறங்கும்படி என் போனை மாற்றி வைத்திருக்கிறேன். பழைய அட்டைகளை எல்லாம் அழித்து இடமும் பண்ணிவிட்டேன். அவள் போகிற சனிக்கிழமைகளில் ஏழு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து மணிக்குத் திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். “ஏதாவது கிடைச்சுதா?” என்று கேட்பேன்.

“ம். ஹரிக்கு அனுப்பிட்டேன்” என்பாள்.